கடலுக்குப் போகிற தண்ணீர் வீணா?

மேட்டூர் நிரம்பிவிட்டால் போதும், எங்கள் பக்கத்துப் பேப்பர்களில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும். கொள்ளிடத்தில் இத்தனை ஆயிரம் கன அடி தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்று. வருஷத்துக்கு வருஷம் எண் மாறும். ‘வீணாக’ என்ற சொல் மட்டும் மாறாது. 2018-இல் பார்த்தேன், 2022-இல் பார்த்தேன், 2024-இலும் பார்த்தேன்.

போன முறை வெள்ளம் போனபோது டீக்கடையில் என் பள்ளிக்கூடத்து நண்பன் பேப்பரை என் மூக்குக்கு நேரே நீட்டினான். ஐந்து ஏக்கர் விவசாயி. கோபம் நியாயமான கோபம்தான்.

“ஏம்ப்பா, நீ தண்ணி ஆபீஸ்ல இருந்தவன்தானே. இவ்வளவு தண்ணியும் உப்புத் தண்ணியில போயி விழுவுது. வயிறு எரியல ஒனக்கு?”

அங்கே வைத்துப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘எரியவில்லை’ என்று சொல்லியிருந்தால் டீ கிளாஸைப் பிடுங்கியிருப்பார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன். அவனும் படிப்பான். பேரன் போனில் எடுத்துக் கொடுப்பான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தச் சொல்லை முப்பது வருஷம் புழங்கியவன் நான். பாசனம் சம்பந்தப்பட்ட சர்க்கார் வேலை. காலையில் கேஜ் பார்த்து, எந்த ரெகுலேட்டரில் எவ்வளவு போகிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். வயலுக்குப் போனால் பாசனம். குழாய்க்குப் போனால் குடிநீர். இரண்டுக்கும் போகாமல் கடைசி ஷட்டரைத் தாண்டிவிட்டால் எழுத்தில் ‘உபரி’, பேச்சில் ‘வேஸ்ட்’. மீனுக்கு, நண்டுக்கு, மட்டிக்கு என்று ஒரு பத்தி எங்கள் ரிஜிஸ்டரில் கிடையாது. இருந்திருந்தாலும் அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

உல்லம் மீனை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? வங்காளிகள் உயிரை விடுகிற இலிஷ், ஆந்திராவில் கோதாவரி வெள்ளத்தின்போது பிடித்துப் பொன் விலைக்கு விற்கிற புலசா, எல்லாம் அதுதான். கடலில் வளரும். முட்டையிட ஆற்றில் ஏறும். ஆடி ஆவணி வெள்ளம் கடலுக்குள் போய்ச் சேரும்போது, அந்த நல்ல தண்ணீர்தான் அதற்கு அழைப்பு. எதிர்த்து நீந்தி, உப்பில்லாத தண்ணீருக்கு வந்து முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றில் கொஞ்ச காலம் வளர்ந்து மறுபடி கடலுக்கு இறங்கும். நம் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறிய மீன்தான். என் பாட்டி அதைப் பற்றிப் பேசினால் முள்ளில்தான் ஆரம்பிப்பாள். உல்லம் சாப்பிடுகிறவன் பேசக்கூடாது, பேசுகிறவன் உல்லம் சாப்பிடக்கூடாது என்பாள். நான் ஆற்று உல்லத்தைத் தின்றதில்லை. நான் பிறப்பதற்குள் அந்தக் கதை பெரும்பாலும் முடிந்துவிட்டது.

சென்னை மாகாண மீன்துறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அணைக்கரையில் உல்லத்தின் முட்டையைச் செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்திருக்கிறது. ஏன் வேறு இடம் கிடைக்கவில்லை, அணைக்கரைதானா? ஏனென்றால் மீன் அங்கே வந்துதான் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

இங்கே உடனே ஒருவர் எழுந்து, ‘அப்போ கரிகாலன் கல்லணை கட்டலையா, அப்ப மீன் இல்லையா?’ என்று கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் பழைய கல்லணை என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். அது காவிரியை மறித்த சுவர் அல்ல. காவிரித் தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் வழிந்து ஓடிவிடாமல் தடுத்த கல் கரை. மணலில் கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே கல்லைப் போட்டு உயர்த்தியது. கிட்டத்தட்ட 1080 அடி நீளம், பாம்பு மாதிரி வளைவு. காவிரியும் வெண்ணாறும் கீழே திறந்தேதான் கிடந்தன. அவற்றின் தலைப்பில் இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்கிற ஷட்டர் வைத்த ரெகுலேட்டர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. கரிகாலன் காலத்து மீன் கடலிலிருந்து காவிரி வழியாகக் கல்லணை வரைக்கும், அதற்கு மேலும், யாரையும் கேட்காமல் போயிருக்கும் என்பது என் ஊகம்.

ஆற்றை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை மறித்தது ஆர்தர் காட்டன். 1836-இல் முக்கொம்பில் மேலணை, அணைக்கரையில் கீழணை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். தஞ்சாவூர் ஜில்லா அவரால் பிழைத்தது. ஆனால் இந்த இடத்தில் ஒரு விஷயம், பலருக்குத் தெரியாதது. முப்பது வருஷம் கழித்து, 1867-இல், ஆறுகளின் குறுக்கே கட்டிய இந்த அணைக்கட்டுகளால் கடலோர மீன்வளத்துக்குக் கேடு வந்திருக்கக்கூடும் என்று அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் யார் தெரியுமா? அதே காட்டன். அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே ஆறு ஆறாகப் போய் மீன்களைப் பார்த்து, 1873-இல் இந்தியா, பர்மாவின் நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையைக் கொடுத்தார். அணைக்கட்டுகளில் மீன் ஏற வழி வேண்டும் என்ற பேச்சு அப்போதே வந்தாயிற்று. கட்டியவருக்கே வந்த சந்தேகம், நூற்றைம்பது வருஷம் கழித்தும் நம் டீக்கடைக்கு வரவில்லை.

அப்புறம் மேட்டூர். 1925-இல் ஆரம்பித்து 1934-இல் முடிந்தது. 120 அடி தண்ணீர், 93.47 டி.எம்.சி. மேலே அதற்கு முன்னமே கிருஷ்ணராஜசாகர். பின்னால் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி. இந்தப் பக்கம் பவானிசாகர், அமராவதி. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று மின்சாரத்துக்கான கதவணைகள் வரிசையாக. அதற்கும் கீழே மாயனூர், முக்கொம்பு, கல்லணை. கல்லணைக்குக் கீழே நம் பக்கம் எத்தனை ரெகுலேட்டர் என்று எண்ணிப் பார்த்தால் விரல் போதாது. மனுஷனுக்கு இது பாசன அமைப்பு. மீனுக்கு, ஒரு தெருவில் பத்தடிக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு.

உல்லத்தோடு நிறுத்திவிட்டால் ‘ஒரு மீன் போனா போவுது’ என்பீர்கள். ஆற்று இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அணைக்கரையில் இறால் வாங்கிச் சாப்பிட்ட நாக்கு இன்னும் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த இறாலின் வாழ்க்கை உல்லத்துக்குத் தலைகீழ். வளர்வது ஆற்றில். ஆனால் முட்டை பொரிந்து வருகிற குஞ்சு கொஞ்சம் உப்புத் தண்ணீர் இல்லாமல் பிழைக்காது. தாய் இறால் வயிற்றில் முட்டையைச் சுமந்துகொண்டு முகத்துவாரத்தை நோக்கி இறங்கும். அங்கே குஞ்சு பெரிதாகி, விரல் நீளம் ஆகும் முன்னே கரையோரமாக ஊர்ந்து மேலே ஏறும். ஈரமாக இருந்தால் சுவரில்கூடத் தொற்றி ஏறும். தண்ணீர் ஒழுகாமல் ஷட்டர் கச்சிதமாக மூடியிருந்தால் அங்கேயே குவிந்து நிற்கும். கொக்கும் மீனும் மனுஷனும் வந்து அள்ளுவோம். ஷட்டரில் ஒழுகல் இருந்தால் எங்களுக்கு மேலிடத்திலிருந்து மெமோ வரும். அந்த ஒழுகல்தான் இறால் குஞ்சுக்கு ஏணி என்று மெமோ எழுதியவருக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது.

விலாங்கு இன்னும் விசித்திரம். குளத்திலும் ஆற்றிலும் பல வருஷம் கிடந்து வளர்ந்துவிட்டு, முட்டையிடக் கடலுக்குப் போகும். அங்கே பொரிந்த குஞ்சு கண்ணாடி மாதிரி உடம்போடு ஆறு தேடி வரும். உங்கள் ஊர்க் குட்டையில் விலாங்கு பிடித்தார்கள் என்றால் அது வங்காள விரிகுடாவிலிருந்து வாய்க்கால் வாய்க்காலாக நடந்து வந்தது என்று அர்த்தம். இப்போது பிடிக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

மட்டியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அது நீந்தாது, பறக்காது, மணலில் புதைந்து கிடக்கும். அப்புறம் எப்படி ஆற்றின் மேல்பக்கம் போகிறது? ஆற்று மட்டியின் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில், மீனின் செவுளில் ஒட்டிக்கொள்ளும். மீன் போகிற இடத்துக்கு ஓசியில் போய், வளர்ந்ததும் விழுந்து மணலில் புதையும். மீனை நிறுத்தினால் மட்டியும் நின்றுபோகும். ஒரு மட்டி நாள் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி விடுகிற பிராணி. ஆற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தோமே, அதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. இன்னும் கீழே போனால் தட்டானின் குஞ்சு, ஒருநாள் வாழ்கிற ஈயின் குஞ்சு, புழு, நத்தை என்று கல்லுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு ஊரே இருக்கிறது. கெண்டையும் அயிரையும் ஆராலும் தின்பது அதைத்தான். பெரிய அணையின் அடியிலிருந்து வருகிற தண்ணீர் குளிர்ந்தும், மூச்சுக்காற்று குறைந்தும் வரும். வண்டலை அணையில் இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு வரும். அந்த ஊருக்கு அது ஒத்துவராது. வண்டல் வராததை நம் வயலுக்குத்தான் நஷ்டம் என்று கணக்குப் போடுகிறோம். புழுவுக்கும் அதே நஷ்டம்தான். போதாததற்கு மணலையும் லாரி லாரியாக அள்ளியாயிற்று. அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விடுங்கள்.

‘மேட்டூர் நீர்த்தேக்கத்தில் டன் டன்னா மீன் புடிக்கிறாங்களே’ என்று ஒரு வாதம் உண்டு. பிடிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. என்ன மீன்? கட்லா கோதாவரியிலிருந்து 1921-இல் காவிரிக்குக் கொண்டுவரப்பட்டது. ரோகு வடக்கிலிருந்து வந்தது. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பி 1952-இல் இந்தியாவுக்குள் வந்தது. இவை நிற்கிற தண்ணீரில் பெருகுகிற மீன்கள், குஞ்சு வாங்கி விடுகிற மீன்கள். பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்பதற்காக, அங்கே பரம்பரையாக இருந்த குடும்பம் சௌக்கியமாக இருக்கிறது என்று சொல்லலாமா? மேலே மோயாறு பக்கம் பாறைக்கு நடுவே வாழ்கிற, காவிரிக்கே சொந்தமான திமில் வைத்த பெரிய மகசீர் மீனை, அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகப் பட்டியலில் 2018-இல் சேர்த்தார்கள். நம் ஆற்று மீனுக்கு நாம் வைத்த மரியாதை அது.

சரி, மேட்டூரை இடித்துவிடலாமா? அமெரிக்காவில் எல்வா என்ற ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் நடுவே இரண்டு அணைகளை உண்மையிலேயே இடித்தார்கள். நூறு வருஷம் வராத சால்மன் மீன் திரும்பி ஏறியது. அது அந்த ஊர். அங்கே அந்தத் தண்ணீரை நம்பி லட்சக்கணக்கில் குடும்பங்கள் நாற்று விடவில்லை. மேட்டூர்ச் சோறு தின்று வளர்ந்த உடம்பு இது. 1924 வெள்ளத்தை என் அப்பா கண்ணால் பார்த்தவர். கல்லணைக் கால்வாய் வெட்டி பட்டுக்கோட்டைப் பக்கம் பச்சை பார்த்ததும் மேட்டூரால்தான். இடிக்கச் சொல்கிறவன் நான் இல்லை. என் சண்டை ஒரு சொல்லோடும் ஒரு கணக்கோடும்தான்.

கணக்கைச் சொல்கிறேன். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது மொத்தம் 740 டி.எம்.சி. என்று வைத்துப் பங்கு பிரித்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளாவுக்கு 30, புதுச்சேரிக்கு 7. கூட்டிப் பாருங்கள், 726 வரும். மீதி 14 எங்கே? 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கு. 4 டி.எம்.சி. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு. அதாவது, நாலு மாநிலத்தோடு ஆறும் ஒரு பங்காளி என்று சட்டப்படி எழுதியாயிற்று. 2018 பிப்ரவரி 16-இல் சுப்ரீம் கோர்ட் நம் பங்கை 404.25 ஆகக் குறைத்தபோதும் இந்தப் பதினாலில் கை வைக்கவில்லை.

அடுத்தது, பிலிகுண்டுலுவில் மாதா மாதம் கொடுக்க வேண்டிய தண்ணீர். ஜூனிலிருந்து ஜனவரி வரை மாதத்துக்கு ஒரு அளவு. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே நான்கும் மாதத்துக்கு இரண்டரை டி.எம்.சி. நாலு இரண்டரை பத்து. சுற்றுச்சூழலுக்கு என்று ஒதுக்கிய பத்து இதுதான். கோர்ட் மற்ற மாதங்களைக் குறைத்து மொத்தத்தை 177.25 ஆக்கியபோதும், இந்த நாலு இரண்டரை அப்படியே நின்றது. ஆறு வற்றுகிற நாலு மாசம் பார்த்து, ஆற்றுக்காகவே வைத்தது.

நாம் என்ன செய்கிறோம்? ஜனவரி 28-இல் மேட்டூரைப் பாசனத்துக்கு மூடுகிறோம். ஜூன் 12-இல் திறக்கிறோம். நடுவில் விடுகிற கொஞ்சம் குடிநீருக்கு. அது தப்பில்லை, ஜனங்கள் குடிக்க வேண்டும். ஆனால் கல்லணைக்குக் கீழே, திருவையாறு தொடங்கி மயிலாடுதுறை தாண்டிப் பூம்புகார் வரை, மாசி பங்குனியில் ஆற்றில் இறங்கி நடந்து பாருங்கள். செருப்பு நனையாது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கர்நாடகத்திடம் நம் பங்கு வரவில்லை என்று ரோட்டில் உட்காருகிறோம், நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஏப்ரல் மாதத்து இரண்டரை டி.எம்.சி. வந்ததா, வந்தால் எங்கே போனது என்று கேட்டு ஒரு கொடி பிடித்ததுண்டா? அந்தப் பங்காளிக்கு ஓட்டு இல்லை.

இரண்டரை டி.எம்.சி.யை முப்பது நாளில் விட்டால் நொடிக்கு ஏறக்குறைய 965 கன அடி வரும். பழைய தொழில், மனக்கணக்கிலேயே போட்டுவிடுவேன். டெல்டா முழுக்க ஆறு ஓடுவதற்கு அது போதாது. மணல் குடித்துவிடும். ஆனால் மடுக்களை உயிரோடு வைப்பதற்கு, ஒரு தாய்க் கெண்டை வைகாசி வரை மூச்சு விடுவதற்கு, அதில் ஒரு பகுதி போதும். அந்தக் காலத்திலும் காவிரி கோடையில் மெலிந்துதான் போகும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஊருக்கு ஊர் மடு இருந்தது, மணலுக்குள் ஊற்று இருந்தது. மீன் அங்கே பதுங்கிக் கிடந்து, புதுத் தண்ணீர் வந்ததும் கிளம்பி ஏறும். பறியும் ஊத்தாவும் தூக்கிக்கொண்டு நாம் பின்னாலேயே ஓடுவோம்.

புதுத் தண்ணீர் என்றதும் இன்னொன்று. மீனுக்குத் தெரிந்தது ஆடி மாசம். 2012-இல் மேட்டூர் திறந்தது செப்டம்பர் 17. 2016-இல் செப்டம்பர் 20. 2017-இல் அக்டோபர் 2. ஆடிப்பெருக்குக்கு நாம் குழாய்த் தண்ணீரில் மஞ்சள் கயிற்றை நனைத்துக்கொண்டு சமாளித்தோம். வயிற்றில் சினையோடு காத்திருந்த மீன் எந்தக் குழாயடிக்குப் போகும்? குறுவை போனதற்கு நமக்கு நிவாரணம் என்று ஏதோ வந்தது.

இப்போது நண்பனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு லட்சம் கன அடி ஒரு நாள் முழுக்கக் கொள்ளிடத்தில் போனால் 8.64 டி.எம்.சி. கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த நாளில் அதைப் பிடித்துவைக்க இந்தத் தட்டையான பூமியில் இடம் எங்கே இருக்கிறது? ஏரியும் குளமும் வாய்க்காலும் தூர் வாரியிருந்தால் கொஞ்சம் பிடிக்கலாம். அதற்குச் சண்டை போடு, நானும் வருகிறேன். மீதி போகட்டும். அது போய் என்ன செய்கிறது தெரியுமா? முகத்துவாரத்தில் அடைத்த மணலைத் தள்ளித் திறக்கிறது. உள்ளே ஏறிவந்த உப்பை வெளியே தள்ளுகிறது. கடல் இறால் குஞ்சுகள் வந்து வளர்கிற கலங்கல் தண்ணீரை உண்டாக்குகிறது. பிச்சாவரத்துக் காட்டுக்கு நல்ல தண்ணீர் காட்டுகிறது. பழையாற்றுக்காரனின் வலையில் விழுவதில் ஒரு பங்கு இந்த ‘வீண்’ தண்ணீர் போட்ட தீனி. அவனும் நம் ஜில்லாக்காரனாக இருந்தவன்தானே. நம் வயலில் பாய்ந்தால் உபயோகம், அவன் வலையில் பாய்ந்தால் வீணா? பூம்புகாரில் காவிரி கடலில் சேர்கிற இடத்தைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சோழன் கப்பல் வந்த வாய் இன்று ஒரு வாய்க்கால் அளவு. ஒரு சொட்டுகூட வீணாக்காமல் சாதித்தது அதுதான்.

ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையைக் கட்டியபோதும் இதே ‘வீணாகாமல்’ பேச்சுத்தான். உப்பு ஏறுவதைத் தடுக்கும், நிலத்தடி நீர் ஏறும் என்றார்கள். அந்த ஊர்க்காரர்களின் உப்புக் கஷ்டம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணைக்கரைக்கும் கடலுக்கும் நடுவேதான் கொள்ளிடத்தில் மீனுக்கு மிச்சம் இருந்த திறந்த ஆறு. இறால் ஏற, விலாங்கு இறங்க, தப்பித் தவறி ஒரு உல்லம் வந்து முகர்ந்து பார்க்க. அங்கேயும் ஒரு கேட். கல்லைப் போட்டுச் சரிவாக ஒரு ஓரப் பாதை, அதில் எப்போதும் கொஞ்சம் ஓட்டம், இவ்வளவுதான் மீனும் இறாலும் கேட்பது. கோடிக்கணக்கில் கான்கிரீட் போடுகிற இடத்தில் இதற்கு ஆகும் செலவு, திறப்புவிழாப் பந்தல் செலவோடு போட்டி போடுமோ என்னவோ. கட்டும்போது கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் வங்காளத்தில் நடந்ததுதான் நடக்கும். 1975-இல் ஃபராக்கா கதவணை வந்த பிறகு, அலகாபாத் வரை கங்கையில் ஏறிக்கொண்டிருந்த உல்லம் அதற்கு மேல் இல்லாமலே போனது.

நான் இதையெல்லாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவன் அல்ல. எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். ஒரு ரெகுலேட்டரில் ஷட்டர் இறக்கச் சொல்லி உத்தரவு. நாலு நாளில் படிப்படியாக இறக்கலாம் என்று அதில் இருந்தது. எனக்கு மறுநாள் ஊரில் ஒரு கல்யாணம். லஸ்கரைக் கூப்பிட்டு ராத்திரியே எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டேன். காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் கரையில் நின்று பார்த்தேன். ஆற்றில் கூட்டம். பெண்கள், பிள்ளைகள், கூடை, சட்டி. ஈரமணலில் கெளுத்தியும் கெண்டையும் துடித்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி, மணல் முழுக்கக் கறுப்பாக, வாயைத் திறந்தும் திறவாமலும் மட்டி. அதை அள்ள அவ்வளவு ஆள் இல்லை. காக்கை இறங்கிக்கொண்டிருந்தது.

வீச்சு வலை போடுகிற பெரியவர் ஒருவர் கரையில் உட்கார்ந்திருந்தார். ஊரே மீன் அள்ளுகிறது, அவர் இறங்கவில்லை. என்னைப் பார்த்து எழுந்து நின்றார்.

“ஐயா, ஒரே ராத்திரியில சாத்திப்புட்டீங்களே. மெள்ள எறக்கியிருந்தா அதுங்க மடுவுக்குப் போயிருக்கும். அடுத்த வருசத்துக்கு நான் எதப் புடிக்கிறது?”

மேலே இருந்து வந்த உத்தரவு என்றேன். பொய். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். பஸ் வந்தது, போய்விட்டேன். கல்யாணத்தில் நல்ல சாப்பாடு. அந்த மாதம் என் ரிஜிஸ்டர் சுத்தமாக இருந்தது. ஒரு கன அடி வீணாகவில்லை.

அவர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. பிள்ளைகள் யாரும் வலை எடுக்கவில்லை. திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள்.

நண்பா, ஷட்டரை நாலு நாளில் இறக்குவதற்கு ஒரு பைசா செலவில்லை. ஏப்ரல் தண்ணீர் எங்கே என்று கேட்பதற்கும் செலவில்லை. அடுத்த ஜனவரி 28-க்கு அப்புறம் ஒரு நாள் வா, ரெண்டு பேரும் ஆற்றில் இறங்கி நடப்போம்.

படிக்கிற பெரியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆற்றில் பிடித்த உல்லத்தைச் சாப்பிட்டவர்கள் யாராவது இன்னும் இருக்கிறீர்களா? உங்கள் ஊர் வாய்க்காலில் விலாங்கை, மட்டியைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? ஊர், ஆறு, ஏறக்குறைய எந்த வருஷம் என்று எனக்கு எழுதுங்கள். எங்கள் ரிஜிஸ்டரில் இல்லாத அந்தப் பத்தியை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். முதல் வரி அந்த ரெகுலேட்டர்தான்.